திறப்பதா, பூட்டுவதா? கூட்டாக வேலை செய்ய நினைக்கும் நிறுவனத்தின் முன் உள்ள 5 வழிகள்

சின்ன நிறுவனம் ஒன்று பல வருடம் பாடுபட்டு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று வந்து, "நல்லா இருக்கு, சேர்ந்தே செய்யலாம். முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு எங்க ஆட்களுக்குக் காட்டுங்க" என்கிறது. உடனே அலுவலகத்துக்குள் இரண்டு கட்சி. நிரல் எழுதுகிறவர்கள், "திறந்து விட்டால் உலகமே வந்து வளர்க்கும்" என்கிறார்கள். வழக்கறிஞரோ, "ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாது" என்கிறார். முடிவெடுக்க வேண்டியவர் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்.

அந்த இடத்தில் நிற்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: திறப்பதா, பூட்டுவதா? மொத்தமாக ஒரே பதில் சொல்ல என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை. "எங்கள் கண்டுபிடிப்பு" என்று அவர்கள் காட்டுவதற்குள் பல துண்டுகள் இருக்கின்றன. ஒரு நிரல் இருக்கும். ஒரு தயாரிப்பு முறை இருக்கும். மற்றக் கருவிகளோடு பேசும் இணைப்பு முறை, சோதனைகளில் சேர்ந்த தரவு, சந்தையில் சம்பாதித்த பெயர், இதையெல்லாம் செய்து பழகிய நாலைந்து பேரின் கைப்பக்குவம் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத்தான் காக்க முடியும், ஒவ்வொரு விதமாகத்தான் பகிர முடியும். அதனால் முதலில் துண்டுகளைப் பிரியுங்கள். அப்புறம் எந்தத் துண்டுக்கு எந்த வழி என்று பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பொருளை வாங்கிப் பிரித்தால் விஷயம் தெரிந்துவிடுமா? நான் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு கீலின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கீலின் உலோகத்தை எத்தனை நிமிடம், எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பது அவ்வளவு சுலபத்தில் தெரியாது. கடையில் நேர்மையாக வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது, பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் ரகசியத் திருட்டு ஆகாது. கண்ணுக்குத் தெரிவதை ரகசியமாக வைக்கப் பாடுபடுவது வீண்.

காசு எங்கிருந்து வருகிறது? நிரலை விற்றா, அதை ஓட்டித் தரும் சேவையை விற்றா, கருவியை விற்றா, கருவிக்குப் போடும் உபபொருளை விற்றா? காசு வராத துண்டைத் திறப்பதில் நஷ்டம் குறைவு.

மற்றவர்கள் சேராமல் இது ஓடுமா? சார்ஜ் செய்யும் பிளக், கோப்பு வடிவம், தகவல் பரிமாற்ற நெறிமுறை போன்றவை தனியாக இருந்தால் செத்துப் போகும்.

ஆயுள் எவ்வளவு? 2 வருடத்தில் பழசாகிவிடும் விஷயத்துக்கு 20 வருடக் காவல் தேவையில்லை.

திரும்பி வர முடியுமா? எல்லாவற்றிலும் அதிக எடை கொடுக்க வேண்டியது இதற்குத்தான். மூடி வைத்ததை நாளைக்குத் திறக்கலாம். திறந்ததை நாளைக்கு மூட முடியாது. வெளியே போன ரகசியம் மறுபடி ரகசியம் ஆகாது. பொது உரிமத்தில் கொடுத்த நிரலின் அந்தப் பதிப்பு, கொடுத்தது கொடுத்ததுதான். ஆகவே சந்தேகம் இருக்கும் துண்டுகளைக் கடைசியில் திறப்பதுதான் சரி.

காவலுக்கு என்ன செலவு? வழக்கறிஞர் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். பொறியாளர்கள் கூட்டங்களிலும் அனுமதிப் படிவங்களிலும் கழிக்கும் மணிகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

## வழி 1: ரகசியமாக வைத்திருப்பது

வணிக ரகசியத்துக்குப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை, காலாவதியும் இல்லை. கோகோ கோலா 1886இல் பிறந்த பானம். அதன் கலவைக்கு அப்போதே காப்புரிமை வாங்கியிருந்தால் அது முடிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். 2006இல் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரும் கூட்டாளிகளும் அதன் ரகசியங்களை பெப்சிக்கு விற்கப் பார்த்தார்கள். பெப்சியே கோகோ கோலாவுக்குத் தகவல் சொல்லி, கடைசியில் அவர்கள் கைதானார்கள். திருட்டு ரகசியத்தை வாங்குகிறவரையும் சட்டம் பிடிக்கும் என்பதால், ஒழுங்கான எதிராளிக்கு அது பரிசு இல்லை, ஆபத்து.

ஆனால் "இது ரகசியம்" என்று மனதில் நினைத்தால் மட்டும் போதாது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கை 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 3 விஷயம் வேண்டும்: அது பொதுவில் தெரியாததாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் கேள்விகள் மூன்றாவதில்தான் குவியும். கோப்பு யார் யாருக்குத் திறந்திருந்தது? மேலே "ரகசியம்" என்று எழுதியிருந்ததா? பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்களா? எல்லோரும் நுழையக்கூடிய பொது ஃபோல்டரில் கிடந்ததைக் காட்டி ரகசியம் என்று வாதிடுவது கஷ்டம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வேறொருவர் தன் சொந்த முயற்சியில் அதையே கண்டுபிடித்துவிட்டால் அவரைத் தடுக்க முடியாது. ஊழியர்கள் நிறுவனம் மாறும்போதும் இதே பயம்தான். தானியங்கிக் கார் செய்யும் வேமோ, தன்னிடமிருந்து விலகிப் பிறகு ஊபரில் சேர்ந்த பொறியாளர் ஒருவர் சுமார் 14,000 கோப்புகளை இறக்கி எடுத்துச் சென்றதாகக் கூறி 2017 பிப்ரவரியில் ஊபர் மீது வழக்குப் போட்டது. ஒரு வருடம் கழித்து, சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளைப் பெற்றுக்கொண்டு சமாதானம் ஆனது. இரண்டு பக்கமும் அந்த ஒரு வருடம் எத்தனை மூத்த பொறியாளர்களின் நேரம் வழக்கில் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறைமுகச் செலவு வெளியே இல்லை, உள்ளேதான். ஒரு குழு செய்து தோற்றதை அடுத்த அறையில் இருக்கும் குழு மறுபடி செய்து தோற்கும். புதிதாக வந்தவர் மாதக்கணக்கில் இருட்டில் தடவுவார். நான் பார்த்த வரையில், ரகசியங்கள் திருடு போனதைவிட மறந்து போனது அதிகம். தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போகிறார், கலவையின் அளவு மட்டும் ஒரு நோட்டில் இருக்கிறது, ஏன் அந்த அளவு என்பது எங்கும் இல்லை. ரகசியத்தை எழுதி வைத்தால் கசியலாம் என்று பயந்து எழுதாமலே விட்டவர்கள் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

எப்போது சரி: தயாரிப்பு முறை, சூடு, விகிதம், அளவுத்திருத்தம் (கருவி சரியாக அளக்கும்படி சரிசெய்வது), தோற்றுப்போன சோதனைகளின் பதிவு போன்ற, பொருளைப் பிரித்தாலும் தெரியாத விஷயங்களுக்கு. தோற்ற சோதனைகளை யாரும் சொத்தாக நினைப்பதில்லை. போட்டியாளருக்கு 2 வருடத்தை மிச்சப்படுத்தித் தரக்கூடியது அதுதான்.

## வழி 2: காப்புரிமை வாங்கி உரிமம் கொடுப்பது

காப்புரிமை, அதாவது பேட்டன்ட், ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடிப்பை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் மற்றவர்களைத் தடுக்கும் உரிமை கிடைக்கும். விண்ணப்பம் வழக்கமாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். அதற்குப் பிறகு காப்புரிமை மறுக்கப்பட்டால் உரிமையும் இல்லை, ரகசியமும் இல்லை. இதைத் தெரியாமல் விண்ணப்பிப்பவர்கள் நிறையப் பேர்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. காப்புரிமை இருந்தால் அந்தப் பொருளைத் தயாரிக்க உங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. அது மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டும். உங்கள் கண்டுபிடிப்பு இன்னொருவரின் கண்டுபிடிப்பின் மேல் ஏறி நின்றால், அவரும் உங்களைத் தடுக்கலாம். 1850களில் தையல் இயந்திரத் தொழிலில் இதுதான் நடந்தது. ஊசி ஒருவரிடம், துணியை நகர்த்தும் முறை இன்னொருவரிடம் என்று உரிமைகள் சிதறிக் கிடந்ததால், வழக்கில் மாட்டாமல் யாரும் முழு இயந்திரம் செய்ய முடியாத நிலை. கடைசியில் 1856இல் சிங்கர் உட்படப் பெரிய தயாரிப்பாளர்களும் கண்டுபிடிப்பாளர் எலியாஸ் ஹோவும் தங்கள் காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1917இல் விமானத் தொழிலுக்கும் இதே மாதிரி ஒரு கூட்டு ஏற்பாடு வந்தது. காப்புரிமைக் கூட்டு என்பது அன்றைக்கே கண்டுபிடித்த வழி.

கூட்டுழைப்புக்குக் காப்புரிமை எதிரி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலி தெளிவாக இருந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரரை நம்பி உள்ளே கூப்பிட முடியும். விண்ணப்பம் போட்ட பிறகு பொறியாளர்கள் எவ்வளவு சுதந்திரமாகப் பேசுகிறார்கள் என்பதைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். இந்தத் துறைக்கு மட்டும், இந்த நாட்டுக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று உரிமத்தைத் துண்டு துண்டாகவும் கொடுக்கலாம். பிராசசர் வடிவமைப்பை மற்ற நிறுவனங்களுக்கு உரிமமாகக் கொடுத்தே வளர்ந்தது ஆர்ம் நிறுவனம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் நாள்காட்டி. ஒரு பொறியாளர் சனிக்கிழமை கருத்தரங்கில் தன் வேலையைப் பெருமையோடு விளக்குகிறார், கடைசித் திரையில் வரைபடமும் காட்டுகிறார். விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது. அமெரிக்காவில் தன் வெளியீட்டுக்குப் பிறகு ஒரு வருட அவகாசம் உண்டு என்பதால் தப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்த அவகாசம் இல்லை. சனிக்கிழமையோடு கதை முடிந்தது. கண்காட்சி அரங்கில் ஒட்டிய ஒரு போஸ்டருக்கும் இதே கதிதான்.

செலவு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி. புதுப்பிப்புக் கட்டணம் தொடர்ந்து வரும். மீறுகிறவரைக் கண்டுபிடிப்பதும் வழக்குப் போடுவதும் உங்கள் வேலைதான், அரசு வந்து செய்யாது. வழக்கு நடத்தப் பணம் இல்லாத நிறுவனத்தின் காப்புரிமை, பெரிய எதிராளியை அவ்வளவாக அசைக்காது. இருந்தாலும் முதலீட்டாளரிடமும் வாங்க வருகிறவரிடமும் பேசும்போது அதற்கு மதிப்பு உண்டு.

எப்போது சரி: பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், நீண்ட ஆயுள் உள்ள, பெரிய முதலீடு கேட்கும் விஷயங்களுக்கு. மருந்து மூலக்கூறும் இயந்திரப் பாகமும் நல்ல உதாரணங்கள்.

## வழி 3: விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டாளிகளோடு ஒப்பந்தம்

ஒருமுறை ஒரு கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கனமான கட்டு. கடைசிப் பக்கங்களில் "இணைப்பு 1: ஒவ்வொரு தரப்பும் முன்பே வைத்திருந்த அறிவுசார் சொத்துகளின் பட்டியல்" என்று தலைப்பு. கீழே வெறும் தாள். ஓரத்தில் "பின்னர் சேர்க்கப்படும்" என்று ஒரு வரி. கையெழுத்தாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, அந்தப் பின்னர் வரவே இல்லை. அதற்குள் பொருளின் மையமான கணக்கீட்டு முறை யாருடையது என்று சண்டை. "நாங்கள் வரும்போதே கொண்டு வந்தது" என்கிறது ஒரு தரப்பு. "மூன்றாவது கூட்டத்தில் எல்லோரும் பலகையில் எழுதியபோது வந்தது" என்கிறது இன்னொன்று. பலகையைச் செல்போனில் எடுத்த படமும் இருந்தது. அதில் 3 பேரின் கையெழுத்து, ஒன்றின் மேல் ஒன்று. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருத்தம்.

கூட்டு ஒப்பந்தத்தில் 3 குவியலைப் பிரித்து வைக்க வேண்டும். முன்பே இருந்தது, சேர்ந்து உருவானது, வேலையின் ஓரத்தில் தற்செயலாக முளைத்தது. முதல் குவியலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். எல்லா நேரமும் இரண்டாவதிலேயே போகிறது. அங்கேயும் "ஆளுக்குப் பாதி" என்று எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறார்கள்.

அந்தப் பாதிக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கூட்டாகச் சொந்தமான காப்புரிமையை ஒருவர் மற்றவரிடம் கேட்காமலே யாருக்கும் உரிமமாகக் கொடுக்கலாம், வந்த காசில் பங்கு தரவும் வேண்டாம். உங்கள் நேர் எதிராளிக்கே கொடுத்தாலும் தடுக்க முடியாது. பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் மற்றவர் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்க முடியாது. கூட்டாளி பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டால் உங்கள் சொத்து உங்கள் கையிலேயே முடங்கிக் கிடக்கும். அதனால் ஒருவர் பெயரில் உரிமையை வைத்து, மற்றவருக்கு அவருடைய துறையில் தாராளமான உரிமத்தை எழுதிக் கொடுப்பதுதான் நல்லது என்பது என் முடிவு. கேட்க அநியாயம் மாதிரி தெரியும். பிரியும் நாளில் அதுதான் இருவரையும் காப்பாற்றும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எல்லோரும் சொல்கிறவருக்கான பாதுகாப்பாக மட்டும் பார்க்கிறார்கள். கேட்கிறவருக்கும் அதில் ஆபத்து உண்டு. மற்றவரின் ரகசியத்தைக் கேட்டுவிட்டால், அதே திசையில் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைமீதும் நாளைக்குச் சந்தேகம் விழும். முதல் 2 கூட்டங்களை ரகசியம் எதுவும் பேசாமல் நடத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அப்புறம் 2 வரிகளைத் தேடிப் பாருங்கள். "கேட்டவர்களின் நினைவில் தங்கியதைப் பயன்படுத்தலாம்" என்ற பொருளில் ஒரு பிரிவு இருந்தால், சின்ன நிறுவனம் அதில் கையெழுத்துப் போடக்கூடாது. கெட்டிக்காரப் பொறியாளரின் நினைவில் எல்லாமே தங்கும். ரகசியக் கடமை 3 அல்லது 5 வருடத்தோடு முடிகிறது என்று இருந்தால், அதற்குப் பிறகு அந்த ரகசியத்துக்குச் சட்டக் காவலே கேள்விக்குறியாகலாம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் இந்த வழி பலன் தருகிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் 2000இல், தன் புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. அப்போது தன்னிடம் இருந்த பிரிங்கிள்ஸ் சிப்ஸ்மேல் படமும் எழுத்தும் அச்சடிக்கும் யோசனை எழுந்தபோது, இத்தாலியின் பொலோன்யா நகரில் பேக்கரி நடத்திய ஒரு பேராசிரியரிடம் உண்ணக்கூடிய மையில் அச்சடிக்கும் முறை ஏற்கெனவே இருப்பதைத் தன் தொடர்புகள் மூலம் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனத்துக்கு வேண்டியது தெளிவாக இருந்தது, பேராசிரியர் கையில் இருந்ததும் தெளிவாக இருந்தது. அதனால் சுலபமாக முடிந்தது.

எப்போது சரி: இரு தரப்பிடமும் வெவ்வேறு துண்டு இருக்கும்போது, விற்கும் சந்தையும் வெவ்வேறாக இருக்கும்போது. ஒரே சந்தையில் மோதும் 2 பேர் இந்த வழியில் இறங்கினால் பாதி நேரம் காவலிலேயே போகும்.

## வழி 4: முழுவதும் திறந்து விடுவது

1993இல் இணையத்தில் தகவலைத் தேடிப் படிக்க மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர் என்ற முறை செல்வாக்கோடு இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில், தன் சர்வர் மென்பொருளுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் வாங்கப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே வருடம் ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் வேர்ல்ட் வைட் வெப் மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சொத்தாக்கியது. கோஃபர் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நாளைக்குக் கட்டணம் கேட்பார்களோ என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது, நிரலாளர்கள் நகர்ந்தார்கள். மற்றவர்கள் சேராமல் ஓடாத துண்டைப் பூட்டினால் இதுதான் நடக்கும்.

திறப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் பூலின் வடிவமைத்த 3 முனை இருக்கைப் பட்டி 1959இல் கார்களில் வந்தது. வோல்வோ அதற்குக் காப்புரிமை வாங்கியது, வாங்கிய பிறகு மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த அனுமதித்தது. உரிமை கையில் இருந்ததால்தான் அனுமதியும் அதன் கையில் இருந்தது. டெஸ்லா 2014 ஜூனில் தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துகிறவர்மீது வழக்குப் போடமாட்டோம் என்றது. இலவசம் மாதிரி தெரிந்தாலும் நல்லெண்ணம் என்பதற்கு அது விளக்கமும் கொடுத்திருக்கிறது: டெஸ்லாவுக்கு எதிராக அறிவுசார் சொத்து வழக்கு எதையும் தொடுக்காமல் இருப்பதும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட வாக்குறுதிகளின் சின்ன எழுத்துகளைப் படிக்காமல் அதன்மேல் பொருள் கட்டாதீர்கள்.

டொயோட்டா 2015 ஜனவரியில் ஹைட்ரஜன் எரிகலம் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம்) சார்ந்த சுமார் 5,680 காப்புரிமைகளைத் திறந்தது. ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்கள் வர வேண்டுமானால் எல்லா நிறுவனங்களும் அந்தக் கார்களைச் செய்ய வேண்டும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எரிகலக் கார்கள் இன்றும் சாலையில் சிறுபான்மை. காப்புரிமை தடையாக இருந்தால் திறப்பது உதவும். விலையும் நிரப்பும் நிலையமும் தடையாக இருந்தால் உதவாது.

நிரலைத் திறக்கும்போது எந்த உரிமம் என்பது பெரிய முடிவு. எம்ஐடி உரிமம் கிட்டத்தட்ட எந்தக் கட்டுப்பாடும் இல்லாதது. அப்பாச்சி 2.0 அதோடு காப்புரிமை அனுமதியையும் சேர்த்துக் கொடுக்கும். ஜிபிஎல் உரிமத்தில், மாற்றி வெளியே விநியோகிக்கிறவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். இது திறக்கிறவரை மட்டும் பாதிக்கும் விஷயம் இல்லை. 2003இல் லிங்க்ஸிஸ் ரவுட்டர் ஒன்றுக்குள் ஜிபிஎல் உரிமத்தில் வரும் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருள் பிறந்தது. உங்களுக்குப் பாகம் தருகிறவர் உள்ளே என்ன போட்டுத் தருகிறார் என்று பார்க்காவிட்டால், எதையும் திறக்க நினைக்காத நிறுவனத்துக்கும் இது நடக்கும்.

இனி மனசை உறுத்தும் பகுதி. தரவுத்தளமும் கிளவுட் கருவிகளும் செய்யும் சில நிறுவனங்கள் முழுத் திறப்பில் வளர்ந்தன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் அதே நிரலைச் சேவையாக விற்று லாபம் பார்க்கத் தொடங்கியதும், இவர்கள் உரிமத்தை இறுக்கினார்கள். மாங்கோடிபி 2018இல், எலாஸ்டிக் 2021இல், டெராஃபார்ம் செய்யும் ஹாஷிகார்ப் 2023இல், ரெடிஸ் 2024இல். பழைய பதிப்பு திறந்தபடியே இருந்ததால், அதை நகலெடுத்து மற்றவர்கள் தனியாக வளர்க்கும் கிளைகளைப் பிரித்தார்கள். எலாஸ்டிக்கின் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து அமேசான் ஓப்பன்சர்ச்சை உருவாக்கியது. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபுவும் ரெடிஸிலிருந்து வால்கீயும் பிறந்தன. எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் மறுபடி ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டன. கிளைகள் அப்படியேதான் இருக்கின்றன. இந்த நிறுவனங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, உழைப்பை வேறொருவர் விற்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் "நம்மைவிடப் பெரியவர் ஒருவர் இதை அப்படியே எடுத்து விற்றால் நாம் எப்படிப் பிழைப்போம்?" என்ற கேள்வியைத் திறக்கும் நாளுக்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

திறந்த பிறகும் வேலை ஓயாது. வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும், வழிகாட்டி எழுத வேண்டும். ஒரு ஆளையாவது முழு நேரம் ஒதுக்க முடியாத நிறுவனம் திறக்காமல் இருப்பதே மேல்.

எப்போது சரி: நெறிமுறை, கோப்பு வடிவம், பாதுகாப்பு சார்ந்தவை, நீங்கள் காசு பார்க்காத அடித்தட்டு நிரல். வேறு யாரும் காப்புரிமை வாங்கிவிடக்கூடாது, நமக்கும் வேண்டாம் என்று நினைப்பவற்றை வெறுமனே எழுதி வெளியிட்டுவிடலாம். ஐபிஎம் 1958 முதல் 1998 வரை இதற்கென்றே ஓர் இதழ் நடத்தியது.

## வழி 5: சில துண்டுகளைத் திறந்து, சிலவற்றைப் பூட்டுவது

நன்றாக நடக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் இது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்தது. பிளே ஸ்டோரும் கூகுளின் சேவைகளும் திறந்தவை இல்லை. சிப் புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளை வரையறுக்கும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை யாரும் பயன்படுத்தலாம். அதை வைத்துச் செய்யும் சிப்பின் வடிவமைப்பு அவரவர் சொத்து. டெஸ்லா 2022 நவம்பரில் தன் சார்ஜிங் பிளக்கின் வடிவமைப்பைத் திறந்தது. 2023 மே மாதம் ஃபோர்டும் ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஏற்றுக்கொண்டன. 2014இல் எல்லாவற்றையும் திறப்பதாகச் சொன்னபோது இப்படி யாரும் வரிசையில் வந்து நிற்கவில்லை. ஒரு பிளக், அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜிங் நிலையங்கள், அவ்வளவுதான். சரியான ஒரு துண்டைத் திறந்தது பலித்தது.

பொம்மை நிறுவனமான லீகோவின் கதையும் எனக்குப் பிடித்தது. 1998இல் வந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ பெட்டியின் உள் நிரலைப் பயனர்கள் சீக்கிரமே உடைத்துப் படித்துவிட்டார்கள். நிறுவனம் வழக்குப் போடாமல், அப்படி மாற்றிப் பார்க்கும் உரிமையை உரிமத்திலேயே எழுதிக் கொடுத்தது. காசு பெட்டியிலிருந்து வந்தது, நிரலிலிருந்து இல்லை. புது நிரல்கள் வர வரப் பெட்டி அதிகம் விலை போகும்.

இந்த வழியில் கடைசிப் பூட்டு பெயர்தான். ஃபயர்ஃபாக்ஸின் நிரல் திறந்தது, ஆனால் பெயரும் சின்னமும் அதை உருவாக்கும் மொஸில்லாவின் வணிகக் குறி. மாற்றிய பதிப்புக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில் தகராறு வந்ததால், லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 2006இல் தன் பதிப்புக்கு ஐஸ்வீசல் என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது. நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், உங்கள் பெயரை எடுக்க முடியாது.

இதன் மறைமுகச் செலவு, கோடு எங்கே என்பதைத் தினமும் முடிவு செய்ய வேண்டியிருப்பது. ஒரு வசதியை இலவசப் பக்கம் வைப்பதா, கட்டணப் பக்கம் வைப்பதா என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் வாக்குவாதம் வரும். நேற்று இலவசமாக இருந்ததை இன்று கட்டணப் பக்கம் நகர்த்தினால், வெளியிலிருந்து உழைத்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். கோட்டை எழுதி வெளியிட்டுவிடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | பிரித்தால் தெரியும் விஷயத்துக்கு | திரும்பி வர முடியுமா | எதிர்பாராத செலவு | கூட்டாளி சேர்வது |
|---|---|---|---|---|
| ரகசியம் | ஒத்து வராது | பிறகு திறக்கலாம் | உள்ளே சுவர்கள், மறதி | கஷ்டம் |
| காப்புரிமை | மிகப் பொருத்தம் | வெளியான பின் முடியாது. உரிமத்தைத் தளர்த்தலாம் | கண்காணிப்பு, வழக்கு | உரிமம் வழியாக |
| ஒப்பந்தக் கூட்டு | காப்புரிமையும் சேர்ந்தால் | பிரிவு விதி எழுதியிருந்தால் | கூட்டங்கள், யாருடையது என்ற சண்டை | சிலரோடு, ஆழமாக |
| முழுத் திறப்பு | பொருந்தும் | முடியாது | பராமரிப்பு, பெரியவர் எடுத்து விற்பது | யாரும் சேரலாம் |
| கலவை | துண்டைப் பொறுத்து | மூடிய பகுதிக்கு மட்டும் | கோடு பற்றிய வாக்குவாதம் | திறந்த பகுதியில் எளிது |

## ஒரு கருவியை வைத்துப் பார்த்தால்

இயந்திரங்களின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படிப் பிரிப்பேன். உணரியை (சென்சாரை) பொருத்தும் பிடியின் வடிவம் பிரித்தால் தெரியும், நீண்ட நாள் நிற்கும்; காப்புரிமை. அளவுத்திருத்தம் செய்யும் முறை தொழிற்சாலைக்குள்ளேயே நடப்பது; ரகசியம், 2 பேருக்காவது தெரிந்த, எழுதி வைத்த ரகசியம். கருவி அனுப்பும் தகவலின் வடிவம் மற்றவர்களின் மென்பொருளோடு சேர வேண்டியது. முழுத் திறப்பு, முதல் நாளே. தகவலைப் படிக்கும் அடிப்படை நிரல் அப்பாச்சி உரிமத்தில். பழுதைக் கணிக்கும் பகுதிதான் காசு வரும் இடம். அது மூடியே இருக்கட்டும், சேவையாக மட்டும் கிடைக்கட்டும். பெயருக்கு வணிகக் குறி.

பெரிய நிறுவனம் வந்து உள்ளே காட்டச் சொல்லும்போது, திறந்த வடிவத்தையும் நிரலையும் தாராளமாகக் காட்டலாம், ஒப்பந்தமே வேண்டாம். பிடியின் வடிவத்தை விண்ணப்பம் போன பிறகு காட்டலாம். கணிப்புப் பகுதியை அவர்கள் தரவில் ஓட்டி முடிவை மட்டும் கொடுக்கலாம். அவர்கள் பொறியாளர்கள் பார்க்க நினைப்பதில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். அளவுத்திருத்தம் பற்றிக் கேட்டால், அது இந்தத் திட்டத்துக்கு வெளியே என்று சொல்லிவிடலாம். அதற்கு முகம் சுளிக்கும் கூட்டாளியை நான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் அந்த இணைப்பு 1. முதல் கூட்டத்துக்கு முந்தின நாளே உங்கள் பக்கப் பட்டியலை எழுதுங்கள். எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த வரைபடம், எந்தத் தேதியில் இருந்தது என்று ஒவ்வொரு வரியாக. அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக இரு தரப்பும் கையொப்பம் போட்ட பிறகு பலகையில் எழுத ஆரம்பியுங்கள், கூட்டம் முடிந்ததும் யார் எதை எழுதினார்கள் என்ற குறிப்போடு பலகையைப் படம் எடுத்து வையுங்கள்.